சொந்தக் காரணங்களுக்காக

டிஷ்யூ பெட்டியின் வாயிலிருந்த முதல் தாளை அந்தக் கைகள் பாதி வெளியே இழுத்துவிட்டன. அழ வருகிறவர்களுக்கு முதல் தாளை உருவுவதுதான் சிரமம். அவசரத்தில் உருவினால் கிழியும். கிழிந்தால் வெட்கம் வரும். வெட்கம் வந்தவர் எழுந்து போய்விடுவார், அன்றைய பொழுது வீண். பாதி வெளியே நின்றால் கை தானாகப் போய் எடுத்துக்கொள்ளும். பெட்டி மேசைக்கு நடுவிலும் இருக்கக் கூடாது. அது 'நீ அழப்போகிறாய்' என்று முன்கூட்டிச் சொல்வதுபோல் ஆகிவிடும். வருகிறவரின் வலது முழங்கைக்குச் சற்றுத் தள்ளி, நேற்று யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் கிடக்க வேண்டும்.

கைகள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தன. சக்கர நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, நகராத நான்கு கால் நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டன. கதவு எப்போதும் வருகிறவரின் பக்கம்தான். நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் "என்னை உள்ளே வைத்து மறித்தார்கள்" என்று அவர் சொல்ல முடியாது. கோடு போடாத வெள்ளைத்தாள் இரண்டு. பேனா எழுதுகிறதா என்று பழைய உறையின் முதுகில் ஒரு கிறுக்கல்.

இதெல்லாம் வழக்கம். அன்றைக்குப் புதிதாக வந்திருந்தது ஒரு மின்கெண்டி. பக்கத்தில் இரண்டு காகிதக் கோப்பைகள். பொடி, பால், சர்க்கரை மூன்றும் கலந்து விரல் நீளத்தில் வரும் மஞ்சள் காபிப் பாக்கெட்டுகள் நாலைந்து. கைகள் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, தலைப்பக்கத்தைச் சுண்டிப் பொடியைக் கீழே இறக்கி வைத்தன. எப்படிச் சுண்ட வேண்டும் என்பதை அவை மறந்திருக்கவில்லை. அந்தக் கம்பெனியில் அந்தக் கைகள் பிறருக்குக் காபி கலந்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

பியோ மிரான், மனிதவளப் பிரிவின் தலைவி. சாங்வொன் தொழிற்பேட்டையில், குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் கதவு வார்த்துக் கொடுக்கும் கம்பெனி அது. அவள் கான்டீனுக்குள் தட்டோடு நுழைந்தால் பக்கத்து மேசையில் பேச்சு நிற்கும். அவள் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் அவளை 'டிஷ்யூ அக்கா' என்றார்கள். "அக்கா சிரிச்சாங்கன்னா உன் நாற்காலிய ஒருமுறை தொட்டுப் பாத்துக்கோ, இருக்கான்னு" என்பார்கள். அது அவள் காதில் விழுந்தே இருந்தது. திறமையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

வணிகப் பள்ளி முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். அந்தக் காலத்தில் அலுவலகத்துப் பெண்களுக்குப் பெயர் கிடையாது, பதவியும் கிடையாது. ஆண்கள் மேனேஜர், துணை மேனேஜர். பெண்கள் 'மிஸ்'. மிஸ் சாங், மிஸ் ஓ, மிஸ் பியோ. "மிஸ் பியோ, காபி" என்று குரல் வந்தால், தட்டச்சு செய்துகொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். கூட்ட அறைக்குள் கோப்பைகளை வரிசை தவறாமல் வைக்க வேண்டும். பெரியவருக்கு முதலில், அடுத்தவருக்கு அடுத்து. அந்த வரிசையைக் கவனித்தே அவள் தொழில் கற்றுக்கொண்டாள். பேச்சுக்கு நடுவில் எவருடைய கோப்பையைப் பெரியவர் கண்டுகொள்ளாமல் தள்ளி வைக்கிறாரோ, அவர் அடுத்த வருடம் அந்த மேசையில் இருக்க மாட்டார். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாடே கடனில் மூழ்கிய அந்தப் பஞ்ச வருடத்தில், ஒரு மத்தியானம் ஒலிபெருக்கியில் பெயர் பெயராக வாசித்துக் கம்பெனி ஆட்களை வெளியே அனுப்பியது. வார்ப்புக் கூடத்தில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை. வழக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உடைந்த கண்ணாடியைக் கூட்டிப் பெருக்கியவள் மிஸ் பியோ. பெருக்கிக்கொண்டே யோசித்தாள். ஆளை வெளியே தள்ளினால் கதவு உடையும். ஆள் தானாக நடந்து போனால் கதவுக்கு ஒன்றும் ஆகாது. அதன்பிறகு பேருந்தில் போகும்போதும் வரும்போதும் தொழிலாளர் சட்டத்தை வரி வரியாகப் படித்தாள். சட்டம் எதைச் செய்யாதே என்று சொல்கிறது என்பதைவிட, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பதில்தான் அவளுக்குக் கண்.

அப்படித் தனக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. பதவியைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'விலகு' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே கூடாது. அது எதிரில் இருப்பவர் வாயில்தான் பிறக்க வேண்டும். அது பிறக்க எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட அவள் மீறியதில்லை. அதனால்தான் அவள் கையால் போனவர்கள் ஒருவரும் வழக்குப் போடவில்லை.

அவள் எழுதிய விதி ஒன்றும் உண்டு. எந்தப் பெண்ணையும் 'மிஸ்' என்று கூப்பிடக் கூடாது. காபி கலக்கச் சொல்லக் கூடாது. உடம்பையோ பழைய எடுபிடி வேலையையோ சொல்லிப் பேசக் கூடாது. மேனேஜரும் அதற்கு மேற்பட்டவரும் மீறினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. முடிவைப் பெயரோடும் காரணத்தோடும் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். இதை நிர்வாகத்திடம் ஒப்புக்கொள்ள வைக்க வருடக்கணக்கில் மல்லுக்கட்டினாள். விதி வந்த அன்று அலுவலகப் பெண்கள் சேர்ந்து அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். அந்தப் பூவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயும் வரை வைத்திருந்தாள்.

விதி வந்த வருடத்துக் கடைசி விருந்தில், பன்றிக்கறி வாட்டும் மேசையில், செயல் இயக்குநர் நாம்குங் மதுக் கோப்பையை நீட்டினார். "மிஸ் பியோ, நீ ஊத்தினாத்தான் சோஜு தொண்டையில இறங்குது."

சுற்றியிருந்த ஆண்கள் புது விதியை நினைத்துச் சிரித்தார்கள். மிரான் இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்து ஊற்றினாள். "விதி ஆபீஸ் கேட்டுக்கு உள்ளதான் சார். இங்க பன்னிக்கறிக்கு விதி இல்ல" என்று அவளும் சிரித்தாள். விதி யார்மேல் பாயும், யாரைச் சுற்றிக்கொண்டு போகும் என்று எழுதியவளுக்குத் தெரியாதா?

இந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் அதே பன்றிக்கறிக் கடையில் நாம்குங் கேட்டார்: "தாக் யோங்மான் என்ன சொல்றான்?"

"முடியாதுங்கறார் சார். மே மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்."

"இந்த மாசம் முடியறதுக்குள்ள அவன் எழுதின தாள் என் மேசைக்கு வரணும். ஆள் என்னிக்குப் போறாங்கறது எனக்குக் கவலையில்ல. ஜூன் வரைக்கும் வேணும்னாலும் உக்காந்து காத்து வாங்கட்டும். சியோல் தலைமை ஆபீஸ்ல எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணிக்கை கேக்கறாங்க. தாள்தான் வேணும்."

ஆக, கல்யாணம் முடியும்வரை தாக் யோங்மானை வேலையில் வைத்திருக்க அவளுக்கு அனுமதி இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். கம்பெனி தரும் ஆறு மாத ஆறுதல் சம்பளத்தோடு கௌரவமாகப் போயிருப்பார். மிரான் சொல்லவில்லை. இருப்பதை முதலிலேயே நீட்டினால் எதிராளி இல்லாததைக் கேட்பான்; கடைசி மிட்டாய் கடைசிவரை மூடிய கைக்குள்தான் இருக்க வேண்டும். அது அவள் முறை.

தாக் யோங்மான், கதவு வார்க்கும் இரும்பு அச்சுகளைச் செதுக்கும் அச்சுப் பிரிவின் மேனேஜர். அந்தப் பிரிவே இப்போது வியட்நாமுக்குப் போய்விட்டது. அவருடைய மேசையைத் தூக்கி மாடியில் இரும்பு அலமாரிகளைப் பார்த்தாற்போல் போட்டிருந்தார்கள். வேலை எதுவும் கிடையாது; தன்னை எப்படி மேம்படுத்திக்கொள்வது என்று தினமும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவர் அலமாரியில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி வைத்துக்கொண்டார். "பின்னாடி வர்ற வண்டியப் பாக்கறதுக்கு" என்றார். கட்டுரையில் தினமும் ஒரே வரிதான்: எனக்கு வேலை கொடுங்கள்.

அவர் பிடித்துக்கொண்டிருந்ததெல்லாம் மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. பெண்ணுக்கு அன்று கல்யாணம். வேலையில் இருக்கும் அப்பனாக மண்டப வாசலில் நிற்க வேண்டும். கம்பெனித் தலைவர் பெயர் எழுதிய நாடாவோடு ஆளுயர மூன்றடுக்கு வாழ்த்துப் பூத்தட்டி நிற்க வேண்டும்; வருகிறவர்கள் 'மேனேஜர்' என்று கூப்பிட்டுக் கைகொடுக்க வேண்டும். வேலை போனவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? வந்தாலும் எந்த முகத்தோடு சாப்பிடுவார்கள்? பெண்ணுக்கு மாமனார் ஆகப்போகிறவர் வாசலில் நின்று பூத்தட்டிகளை எண்ண மாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

முதல் சந்திப்பில் மிரான் எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள். "உங்க வருங்காலத்தப் பத்தி என்ன நெனச்சிட்டிருக்கீங்க, மேனேஜர் சார்?"

"வருங்காலமா? கான்டீன்ல இன்னிக்குக் கானாங்கெளுத்தி பொரிக்கறாங்களாம். அது தீந்துடுமோன்னு நெனச்சிட்டிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே. என் மச்சினன் தொழிற்சங்கத்துல இருக்கான். பதிவு பண்ணாம உன் நிழல்கூட அந்த ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னான்."

"தாராளமா பண்ணுங்க. நானும் பண்ணிக்கறேன். ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு." அவள் தன் போனைப் பக்கத்தில் வைத்தாள்.

கூடவே பார்லித் தண்ணீர்க் குடுவையும் கொண்டுவந்திருந்தார். அவள் வைத்த தண்ணீரைத் தொடவில்லை.

"அதுல என்ன, விஷமா கலந்திருக்கேன்?"

"விஷம்னா பரவால்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நீங்க மரியாதை கலந்து வெக்கறீங்க. அதுக்கு மருந்தில்ல."

அவள் சிரித்துவிட்டாள். அது அவள் நடிக்காத சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆனாலும் மனுஷன் அசையவில்லை. அடுத்த சந்திப்பிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. கோபப்பட்டால் ஏதாவது வார்த்தை விழும், அழுதால் ஏதாவது இளகும். இந்த மனிதர் கோபமும் படவில்லை, அழவும் இல்லை. கானாங்கெளுத்தியைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார். டிஷ்யூ பெட்டியில் பாதி வெளியே நின்ற தாள் அப்படியே நின்றது.

மாதம் முடிய வந்தது. மிரான் அவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தாள். குடிப்பதில்லை. கணக்கில் சுத்தம். பெண்களிடம் வம்பு இல்லை. மிஸ் பியோ காலத்தில், குடித்த கோப்பையைத் தானே கொண்டுவந்து கழுவுமிடத்தில் வைத்த ஒரே ஆண் அவர்தான். "நன்றி மிஸ் பியோ" என்று ஒவ்வொரு முறையும் சொன்ன ஒரே ஆளும் அவர்தான். மற்றவர்கள் காபியை வாங்கிக்கொண்டு அவள் இடுப்பைப் பார்ப்பார்கள்.

அங்கேதான் அவளுக்கு வழி தெரிந்தது. விதி வந்தபின் கெட்டவர்கள் எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டார்கள். கெட்டவனுக்குத் தன் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும். காவல் போட்டு வைப்பான். நல்லவனுக்கு அந்தப் பயம் கிடையாது. பிரியத்தோடு எழும்பி வருகிற வார்த்தையை எவன் நிறுத்தி வைத்துச் சோதனை போடுகிறான்?

மறுநாள் மின்கெண்டி வாங்கினாள்.

அன்றைக்கு வெளியே மழை. தாக் யோங்மான் குடுவையோடு வந்தார், போனை வைத்தார், கெண்டியைப் பார்த்தார். "என்ன தலைவரே, டீக்கடை போட்டுட்டீங்களா?"

"குளிருதுன்னு எனக்கு வெச்சுக்கிட்டேன். நீங்க உங்க பார்லித் தண்ணியக் குடிங்க."

தண்ணீர் கொதித்தது. அவள் பாக்கெட்டைக் கிழித்தாள். ஊற்றினாள். காலிப் பாக்கெட்டையே நீளவாட்டில் மடித்து, அதையே கரண்டியாக்கிக் கலக்கினாள். அறை முழுக்க அந்தப் பழைய வாசனை ஏறியது. கலக்கிக்கொண்டே கல்யாணப் பேச்சை எடுத்தாள். சம்பந்தி வீடு எங்கே?

"மாசான். மாப்பிள்ளையோட அப்பா பள்ளிக்கூடத்துல துணைத் தலைமையாசிரியர். ஒரு வார்த்தைய மூணு தடவை தொடச்சிட்டுத்தான் வெளிய விடுவார். சம்பந்தி விருந்துல கிம்ச்சி ஊறுகாய மென்னா சத்தம் கேக்குமேன்னு அப்படியே முழுங்கினேன்."

"உங்க பொண்ணு?"

"சொரின் என் கால மேசைக்குக் கீழ மிதிச்சுக்கிட்டே இருந்தா. அப்பா, பேசாதீங்க, உங்க வாய்ல எது வரும்னு எனக்கே தெரியாதுங்கறா."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, கேட்காமலே, மிரான் இரண்டாவது கோப்பையைக் கலந்து அவர்முன் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பாக்கெட்டா?"

"ரெண்டுதான்."

"தண்ணி கம்மியா?"

"கம்மியாத்தான்."

மச்சினன் சொன்னதெல்லாம் அந்த ஆவியில் கரைந்தது. தாக் யோங்மான் குடுவையை ஒதுக்கிவிட்டுக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். முகம் இருபது வருடம் பின்னால் போனது.

"அடடா. மிஸ் பியோ கைக் காபி. அப்படியே இருக்கு." கண்ணைத் திறந்து சிரித்தார். "இந்தப் பாக்கெட்ட மடிச்சு, சுண்டு விரலத் தூக்கிக்கிட்டு ஒரு சுத்து சுத்துவீங்களே. அதப் பாக்கறதுக்குன்னே அச்சுப் பிரிவுல நாங்க எல்லாரும் வேலைய நிறுத்திட்டு உக்காந்திருப்போம்."

மேசைமேல் இரண்டு போன்களிலும் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மிரான் அசையவில்லை. இந்த இடத்தில் கற்றுக்குட்டி யாராவது இருந்திருந்தால் உடனே முகத்தை மாற்றியிருப்பார்கள். அவள் காதைச் சற்றே முன்னால் சாய்த்தாள்.

"மழைச் சத்தத்துல சரியாக் கேக்கல மேனேஜர் சார். என்ன சொன்னீங்க?"

அவர் இன்னும் உரக்க, இன்னும் பிரியமாக, முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னார். விதியில், திரும்பச் சொன்னால் அது தவறி வந்த வார்த்தை ஆகாது.

"இன்னிக்கு இது போதும்" என்றாள் மிரான். போகும்போது அவர் தன் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போனார், கழுவுமிடத்தில் போட.

அன்று சாயங்காலம் வீட்டில் கிம்ச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற அவள் கணவன் அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மூஞ்சி தெளிவா இருக்கே. எவன் குடிய முடிச்ச?"

"இன்னும் முடியல. சாப்பிடு."

"என்கிட்ட பேசறப்பயும் போன் ஓடுதா?"

"உன்னைப் பதிவு பண்ணி யாருக்கு விக்கறது?" என்று அவன் தட்டில் சோற்றை வைத்தாள்.

மறுநாள் தாக் யோங்மான் வந்து உட்கார்ந்ததும் அவர்முன் ஒரு தாளை வைத்தாள். நேற்றைய பேச்சின் அந்தப் பகுதி, எழுத்துக்கு எழுத்து. ஒலிப்பதிவை அவள் போட்டுக் காட்டவில்லை. ஒலியில் அவருடைய குரல் இருக்கும், அதன் வெதுவெதுப்பு இருக்கும். தாளில் வார்த்தை மட்டும்தான் நிற்கும். நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவர் சிரித்த இடங்களில் 'சிரிக்கிறார்' என்றும் எழுதியிருந்தாள்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். "இது நான் சொன்னதா?"

"உங்க போன்லயும் இருக்கு. சரிபாத்துக்குங்க."

"தலைவரே, நான் அந்த அர்த்தத்துல சொல்லலயே."

"அர்த்தத்த நான் எழுதல. வார்த்தையத்தான் எழுதிருக்கேன்."

"நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாதா, அது எப்படிச் சொன்னதுன்னு? உங்களுக்குத் தெரியும்ல?"

அவளுக்குத் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்பதால் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"இதுல சம்பந்தப்பட்டவ நான்கறதால நான் இத விசாரிக்க முடியாது" என்றாள். "குழுதான் விசாரிக்கும். நான் அந்த ரூம்லகூட இருக்கக் கூடாது. முடிவ விதிப்படி வாசல் பலகையில ஒட்டுவாங்க."

"என்னன்னு ஒட்டுவாங்க?"

"வார்த்தை வழிப் பாலியல் சீண்டல். விதியில அதுக்கு வேற தலைப்பு இல்ல."

"எப்ப?"

"ஒரு மாசம் போல ஆகும். மே ஆரம்பத்துல."

அவர் தலை மெல்ல ஆடியது. வாசல் பலகை தெருவைப் பார்த்து நிற்கும். தொழிற்பேட்டையே அதைப் படித்துக்கொண்டுதான் பேருந்துக்குப் போகும். மாப்பிள்ளையின் சித்தப்பா எதிர்ப்புறத்துத் திருகாணிக் கம்பெனியில் இருக்கிறார். அவர் வழியாக மாசானுக்குப் போக ஒரு சாயங்காலம் போதும்.

இனி மிரான் பேச மாட்டாள். பேசவும் கூடாது. புகாரையும் விலகலையும் ஒரே மூச்சில் சொன்னால் அது மிரட்டல். சட்டத்தில் அதற்குப் பெயரும் உண்டு, தண்டனையும் உண்டு. இரண்டு கயிறையும் தனித்தனியாகக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முடிச்சைப் போட வேண்டியவர் எதிரில் இருக்கிறவர். அவள் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"வேலையில இல்லாதவன் மேல அந்தக் குழு..." என்று அவர் ஆரம்பித்து நிறுத்தினார்.

"வேலையில இருக்கறவங்களுக்குத்தான் அந்த விதி. பயிற்சி வகுப்புல சொல்லியிருக்கோம்."

"அப்ப நானா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா?"

சொல் பிறந்துவிட்டது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டவர்மேல், கடைசி நாள் எதுவானாலும், குழு கூடுவதில்லை. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அது உங்க முடிவு. நான் கேக்கல."

"நீங்க கேக்கல" என்று அவர் போன்களைப் பார்த்துச் சொன்னார், வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல. பிறகு, "அந்த ஆறு மாசச் சம்பளம்?"

"அது கம்பெனி கேட்டு விலகறவங்களுக்கு. நீங்க உங்க விருப்பத்துல போறீங்க."

"ஆமா. என் விருப்பத்துல" என்றார்.

வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முடியிழை தடிமன்கூடப் பிசகாமல் இரும்பைச் சீவிப் பழகிய கை. எழுத்து ஒவ்வொன்றும் அச்சு வார்த்ததுபோல் விழுந்தது. காரணம் என்ற இடத்தில் நின்று யோசித்து, 'என் மகளின் திருமணத்தை முன்னிட்டு' என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

மிரான் தாளைத் தலைகீழாகவே படித்தாள். "மகள் இதுல வேண்டாம் மேனேஜர் சார். ஒரு நாள் யாராவது படிச்சா, கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. 'சொந்தக் காரணங்களுக்காக'ன்னு போதும். புதுத் தாள்ல எழுதிடுங்க."

அவர் முதல் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். இரண்டாவது தாளில் எழுதினார். சொந்தக் காரணங்களுக்காக. விலகும் தேதி எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றது.

"தலைவரே, தேதிய மட்டும் கல்யாணத்துக்கு அப்புறமாப் போட முடியுமா? வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். அந்த ஒரு சனிக்கிழமை வாசல்ல கம்பெனி பூத்தட்டி நிக்கணும். அன்னிக்கு ஒரு நாள் நான் மேனேஜரா இருக்கணும். சொரினுக்குத் தெரிய வேண்டாம்."

இத்தனை நாளும் மூடிய கைக்குள் இருந்ததை அவர் இப்போது கெஞ்சிக் கேட்டார். அப்போதும் அவள் கையைத் திறக்கவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். நடைவழியில் தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒரு கூம்புக் கோப்பை தண்ணீர் பிடித்து மெதுவாகக் குடித்தாள். மேலே போய் யாரிடமோ வாதாடுகிறாள் என்று நம்புவதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம் நின்றாள். கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். யாரிடம் கேட்டேன், கேட்டேனா இல்லையா என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது பொய் ஆகாது.

"மே முப்பத்தொண்ணு போடுங்க."

தாக் யோங்மான் அழுதார். இத்தனை சந்திப்புகளில் முதல் முறையாக அழுதார். அவருடைய கை தானாகப் போய்த் தாளை எடுத்துக்கொண்டது. துடைத்துக்கொண்டு தேதியைப் போட்டார், கையெழுத்துப் போட்டார், கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயர் முத்திரையை ஊதி ஈரப்படுத்தி அழுத்தினார்.

பிறகு உள்பையில் கையை விட்டு வெள்ளை உறை ஒன்றை எடுத்தார். கல்யாண அழைப்பிதழ். இவ்வளவு நாள் அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி வைத்திருந்ததில் ஓரம் சற்றுக் கசங்கியிருந்தது. அதை ராஜினாமாத் தாளின்மேல் வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். வயதிலும் சேவையிலும் மூத்தவர். இத்தனை வருடத்தில் அவளிடம் எதையும் ஒரு கையால்தான் நீட்டியிருக்கிறார். இப்போது பெரியவர்களுக்கு நீட்டுவதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தி, இடுப்பு மடியக் குனிந்தார்.

"நீங்க எனக்காக மேல போய்ப் பேசினத சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், பியோ தலைவரே. கண்டிப்பா கல்யாணத்துக்கு வரணும். முன்வரிசையில உக்காரணும்."

அவர் இன்னும் நிமிரவில்லை. மிரான் மேலே இருந்த அழைப்பிதழைக் கட்டை விரலால் ஒதுக்கி, கீழே இருந்த தாளில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.